மூடி திறந்தால் நிற்கும் இயந்திரம்

மாத்தளைக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு விரலைப் பற்றி அறிக்கை எழுதப் போனேன்.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மசாலாப் பொருள்களுக்கான இயந்திரங்கள் செய்கிறோம். வரைந்து கொடுப்பது என் வேலை. இலங்கையில் மாத்தளைக்கு அருகே இரத்தோட்டைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு மிளகு உதிர்க்கும் இயந்திரங்கள் மூன்று அனுப்பியிருந்தோம். பறித்த மிளகைச் சரத்தோடு மேலே போட்டால், உள்ளே உருளை சுழன்று மணியை ஒரு பக்கமும் காம்பை மறுபக்கமும் தள்ளும். மூடியைத் திறந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். அதனால் மோட்டார் ஓடும்போது உருளையில் கை வைக்க வழியே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்தில்தான் யோகேஸ்வரி என்ற பெண்ணின் வலது மோதிர விரலில் ஒரு கணு போய்விட்டது. கடிதத்தைப் படித்ததும், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வந்தது கோபம். எதையோ நோண்டி வைத்துவிட்டு நம் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். என் முதலாளியும் அதையேதான் நினைத்தார். "ஓட்டினவங்க தப்புன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்துருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மாத்தளையில் தங்கிய விடுதியில் முதல் நாள் காலை இடியப்பமும் சொதியும் சிவப்பாக ஒரு தேங்காய்ச் சம்பலும் வந்தன. நான் சைவம். அதை இங்கே 'மரக்கறி' என்று சொல்ல வேண்டும் என்பது தெரியாமல் முழித்தேன். கவிச்சி எதுவும் சேர்க்கவில்லையே என்று பரிமாறியவரிடம் இரண்டு முறை கேட்டேன். இல்லவே இல்லை என்று தலையாட்டினார். இரண்டாம் தடவை சம்பல் வாங்கி வழித்துத் தின்ற பிறகு, "மாசி மட்டும்தான் சேர் போட்டிருக்கு" என்றார். 'சேர்' என்றால் சார், மாசி என்றால் காய வைத்த மீன். ஐம்பத்தாறு வருட விரதம் இப்படி ஒரு தட்டில் போய்விட்டது. ருசி என்னவோ பிரமாதம், அதை மறைப்பானேன்.

தொழிற்சாலை மேலாளர் ஃபாரூக் தன் காரிலேயே வந்து அழைத்துப் போனார். மாத்தளை டவுன்காரர், என் வயதுதான் இருக்கும். நான் பழக்கதோஷத்தில் 'பாய்' என்றேன். இங்கே எல்லோரும் அவரை 'நானா' என்கிறார்கள். அண்ணன் என்று அர்த்தமாம். வழியெல்லாம் மிளகுக்கொடியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தொழிற்சாலையில் மூன்று இயந்திரங்களும் துடைத்து வைத்த பூசைப் பாத்திரம்போல இருந்தன. ஒன்றை ஓட்டச் சொல்லி, மூடியைத் திறந்தேன். நின்றது. மூடினேன். நான் வைத்திருந்த நேரக் கட்டுப்பாட்டின்படி மூன்று நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓடியது. அந்த மூன்று நிமிடத்தை நானே யோசித்து வைத்தேன். கனமான உருளை உடனே நிற்காது, மூடியைத் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் சுழலும். எப்படியும் மூன்று நிமிடம் ஓடாது என்றால், அவசரக் குடுக்கைகளும் உருளை நிற்கும்வரை கை வைக்காமல் காத்திருப்பார்கள் என்று வைத்த பாதுகாப்பு அது. அதற்காகப் பட்டறையில் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

"மெசின்ல ஒரு பிழையும் இல்ல சேர்" என்றார் ஃபாரூக். "அந்தப் புள்ளதான் சுவிட்ச்சுக்குள்ள என்னத்தையோ சொருகி ஈக்கிறா. நீங்க அப்படியே எழுதித் தந்தா எங்களுக்கும் லேசு, உங்களுக்கும் லேசு."

யோகேஸ்வரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். என் அறிக்கை வந்ததும் முடிவு சொல்வார்களாம். அன்று மாலை பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே முதல் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். இந்த ஊரில் பால் இல்லாத தேநீரோடு ஒரு துண்டு கருப்பட்டியைத் தனியாகக் கையில் தருகிறார்கள். ஒரு கடி, ஒரு வாய் தேநீர். எழுதுவதற்கு அது தோதாக இருந்தது.

மறுநாள் காரை அனுப்புகிறேன் என்றார் ஃபாரூக். வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். மாத்தளை பஸ் நிலையத்தில் நடத்துநர்கள் ஊர்ப் பெயரை மூச்சுவிடாமல் கூவுகிறார்கள். காதில் 'த்தோட்டை' என்று விழுந்த மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். பலகையில் தமிழிலும் எழுதித்தான் இருந்தது, பார்க்க வேண்டியவன் இயந்திர வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரமாகியும் மலை வரவில்லை. வயல்தான் வந்தது. தேயிலை மலை எப்போது வரும் என்று பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டதும் அவர் முன்னால் திரும்பி நடத்துநரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "இந்தியாவுல இருந்து வந்தவரு நாவுலயில தேயிலை தேடுறாருன்னு சொன்னேன்" என்றார்.

நாவுலவில் இறங்கினேன். நான் போக வேண்டியது கிழக்கே, வந்திருந்தது வடக்கே. காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்று ஃபாரூக்கிடம் போனில் பேசினேன். இன்றைக்கு வர முடியாது போலிருக்கிறது என்றேன். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. நல்லா ரெஸ்ட் எடுங்க, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒரு கடையில் சட்டித் தயிரில் பாணி என்கிற வெல்லப்பாகை ஊற்றித் தின்றேன். தின்று முடிப்பதற்குள் திரும்பும் பஸ் வந்துவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு தயிர் தின்கிறோமே என்று மனசு உறுத்தியது. மாத்தளையில் மாறி, பலகையை மூன்று தடவை படித்துவிட்டு ஏறி, மதியம் மூன்று மணிக்கு இரத்தோட்டையில் போய் இறங்கினேன்.

முதல் நாள் பார்த்த முகம் என்பதால் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றுக்கும் மூடி திறந்திருந்தது. பெண்கள் சுழல்கிற உருளைக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையை நீட்டி, சுற்றிக்கொண்ட காம்புகளைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் யாரோ மெயினை நிறுத்தினார்கள். கிட்டே போனேன். மூடியில் இருக்கும் தகடு போய்ச் செருகவேண்டிய சுவிட்ச் துவாரத்தில், தகட்டுக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டியின் பிடி செருகியிருந்தது. அளவாக ராவி, சிவப்புக் கயிறு கட்டி, கழற்றினால் மாட்டி வைக்க ஆணிகூட அடித்திருந்தார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன. மூன்று கரண்டிக்கும் பொட்டு.

எலக்ட்ரீஷியன் சுனில் ஓடி வந்தார். சிங்களவர், தமிழ் உடைந்து உடைந்து வரும். அவர் சொன்னதன் சாரம் இது. கரண்டிகளை ராவிக் கொடுத்தது அவர்தான். இயந்திரங்கள் வந்த மாதமே கொடுத்துவிட்டார். ஆயுத பூசைக்கு இங்கே வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள், மோட்டாருக்கு, தராசுக்கு, ஸ்பானருக்கு. இந்தக் கரண்டியும் வேலை செய்கிறதே, விட முடியுமா? அந்தப் பூசைக்குத் தேங்காய் வாங்கிக் கொடுத்து, பொங்கல் தின்று, பக்கத்திலேயே நின்றவர் ஃபாரூக் நானா.

ஆக, சொருகியது யோகேஸ்வரி ஒருத்தி இல்லை. எல்லோருக்கும் தெரிந்து, சாமி கும்பிட்டு, ஊரறியச் சொருகியிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டது மட்டும் அவர்.

ஏன் என்று கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். காம்பு சுற்றி உருளை அடைத்துக்கொள்கிறது, கால் மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் என் மூன்று நிமிடம். சாயங்காலம் எடை குறைந்துவிடும். குறைந்தால் 'அரைப்பேர்'. தேயிலைத் தோட்டத்தில் சொன்ன கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைக்கு அரை நாள் என்று போடுவார்கள். அந்த வழக்கத்தைத் தொழிற்சாலையிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். நாளெல்லாம் நின்றது நின்றதுதான், கணக்கில் பாதி நாள். என் மூன்று நிமிடம் இங்கே இப்படி வேலை செய்திருக்கிறது.

மறுநாள் காலை ஒரு ஓட்டோ பிடித்து யோகேஸ்வரியின் வீட்டுக்குப் போனேன். இரத்தோட்டைக்கு மேலே தேயிலைக்கு நடுவே, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாவது. ஓட்டோ பாதி ஏற்றத்தில் மூச்சுவிட்டு நின்றது. மீதியை நானும் ஓட்டுநரும் தள்ளினோம். எதற்குக் காசு கொடுத்தேன் என்று எனக்கே புரியவில்லை.

யோகேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். அழுதுகொண்டிருக்கும் ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்கு, கதவைத் திறந்தவர் கண்ணில் இருந்த கடுப்பு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார். கட்டுப் போட்ட கையால் ஒன்றும் செய்யாமல் இடது கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். புருஷன் இல்லை. இரண்டு மகள்கள், மூத்தவள் உயர்தரம், அதாவது நம் ஊர்ப் பிளஸ் டூ படிக்கிறாள். தொழிற்சாலை வேலையில்தான் வீடு ஓடுகிறது. ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். சிங்களத்தில் இருந்தது. மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். 'என் சொந்த விருப்பத்தில் சுவிட்சை மாற்றினேன், விபத்துக்கு நானே பொறுப்பு' என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. இவர் போடவில்லை. நான் அதையே எழுதிக் கொடுத்துவிட்டால் கையெழுத்தும் தேவையில்லை, வேலை போய்விடும்.

"கரண்டி வச்சது பிழைதான் சேர். நான் இல்லன்னு சொல்லல. பச்சைக் காம்பு வெரல்ல சுத்திக்கிச்சு, இழுத்துருச்சு. ஆனா கரண்டி இல்லாம ஒரு நாளைக்கு அந்த மெசின ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, யாரையாச்சும்." என்னை நேராகப் பார்த்தார். "நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஊர்ல ஓட்டிப் பார்த்துத்தானுங்க அனுப்புனோம்."

"எவ்வளவு நேரம்?"

அரை மணி நேரம் என்றேன். அவர் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, கரண்டியைக் கழற்றி வைத்துவிட்டு, நடு இயந்திரத்தில் நான் நின்றேன். ஃபாரூக் தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்ததுமே என் முதல் தப்பு கையில் தட்டுப்பட்டது. எங்கள் பக்கத்து மலைத் தோட்டங்களில் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்த பிறகு பறித்து, ஒரு ராத்திரி குவித்து வைத்து வாடவிட்டுத்தான் உதிர்ப்பார்கள். இங்கே வந்ததெல்லாம் பச்சைப் பிஞ்சு. வீட்டுத் தோட்டத்துக் கொடியில் விட்டு வைத்தால் களவு போய்விடும் என்று முன்கூட்டியே பறிக்கிறார்கள். எண்ணெய் எடுப்பதற்குப் பிஞ்சு மிளகைத்தான் கேட்டும் வாங்குகிறார்களாம். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "உங்க ஊருக்காரங்கதான் சேர்" என்றார் பக்கத்து இயந்திரத்துப் பெண். பிஞ்சின் காம்பு வார்போல ஈரமாக வளையும், ஒடியாது. நான் முற்றிய மிளகுக்கு வரைந்திருந்தேன். இங்கே என்ன மிளகு பறிக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கால் மணிக்கு ஒரு முறை அடைத்தது. திறந்தேன், பிய்த்தேன், மூடினேன், நின்றேன். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினோரு மணிக்கு, சுவிட்சுக்குள் எதையாவது சொருகினால் என்ன என்று எனக்கே தோன்றியது. மதியம் கட்டிக்கொண்டு வந்த சோற்றிலும் பலாக்காய்க் கறியிலும் எனக்கு ஒரு பங்கு வைத்தார்கள். மாசி இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். சாயங்காலம் என் மூட்டையைத் தராசில் வைத்ததும் சிரிப்பு கிளம்பியது.

"இந்தியா சேருக்கு அரைப்பேர்தான்" என்றார் எடை போட்ட பெண். அதுவும் தாராளமாகப் போட்டதாம்.

ஆனால் அந்த நாள் வீண் போகவில்லை. காம்பைப் பிய்த்துப் பிய்த்து எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அது உருளையில் சுற்றவில்லை. உருளைக்கு இரண்டு பக்கமும் ஒல்லியாக நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில்தான் சுற்றுகிறது. ஒரு காம்பை எடுத்துத் தண்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சுற்றுப் போட்டு முனை மேலே முனை ஏறியது. தண்டு இதைப்போல இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால் காம்புக்கு நீளம் போதாது. ஒரு முழக் கயிற்றை வைத்துக்கொண்டு தூணைக் கட்ட முடியுமா? அவ்வளவுதான் விஷயம். இதற்குப் படித்திருக்கவே வேண்டாம், ஒரு நாள் நின்றிருந்தால் போதும்.

சுனிலும் நானும் மாத்தளையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். தடித்த குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தண்டின் மேல் இரு பக்கமும் கவ்வ வைத்து முடுக்கினோம். உருளை சட்டென்று நிற்பதற்கு என்ன செய்யலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுனில் எங்கோ போய்ப் பழைய ஓட்டோ பிரேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் தூக்கினால் பிரேக் பிடிக்கும்படி அமைத்தோம். இனி உருளை கண் சிமிட்டுவதற்குள் நின்றுவிடும். நின்றுவிட்டால் மூன்று நிமிடம் எதற்கு? அந்தக் கட்டுப்பாட்டை என் கையாலேயே கழற்றினேன். சனிக்கிழமை காலை முழுக்க ஓட்டினோம். பச்சைப் பிஞ்சுதான். இரண்டே தடவை அடைத்தது, திறந்து எடுத்துவிட்டு உடனே ஓட்டினோம். கரண்டியை யாரும் தேடவில்லை.

இனி அறிக்கை. எழுதியிருந்த முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இயந்திரம் இங்குள்ள மிளகுக்கு ஏற்றதாக இல்லை, ஓட்டுபவர்கள் மூடியைத் திறந்து வைக்கும் நிலைக்கு வடிவமைப்பே தள்ளியது, தவறு வடிவமைத்தவருடையது என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். போனில் முதலாளியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டார். அப்புறம், "ஊருக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார். இந்த வயதில் எவன் எனக்கு வேறு வேலை கொடுப்பான்?

ஃபாரூக் இரண்டு தடவை படித்தார். "கரண்டி எனக்கும் தெரியும்தான் சேர்" என்றார், என்னைப் பார்க்காமல். "மேல இருந்து ஒவ்வொரு நாளும் எடைய மட்டும்தான் கேப்பாங்க. நானும் கண்ண மூடிட்டு இருந்துட்டேன், அல்லாஹ் மன்னிக்கணும்." வெளியே போய்க் கொழும்பிலிருக்கும் முதலாளியிடம் நெடுநேரம் பேசினார். செய்து கொடுத்தவனே தன் பிழை என்று சொல்லும்போது நாம் சொல்ல என்ன இருக்கிறது, யோகேஸ்வரியைத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல் என்று உத்தரவு வந்தது. அரைப்பேரைப் பற்றியும் கேட்டாராம். அதைப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்ததாம்.

பிற்பகல் யோகேஸ்வரி வந்தார். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வடிவமைத்தவர் என்ற இடம் வந்தபோது, "அது யாரு?" என்றார்.

"நான்தானுங்க" என்றேன். என்னை மன்னியுங்கள் என்றும் சொன்னேன்.

ஃபாரூக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்த அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். அது தன்னிடமே இருக்கட்டும் என்று யோகேஸ்வரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு இயந்திரத்தை ஓட்டச் சொன்னார். இடது கையால் சரங்களை அள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டுப் போட்ட வலது கை பழக்கத்தில் தானாகவே நீண்டது. மூடி மூடியிருந்தது. கை அதன் மேல் பட்டு நின்றது. மறுபடி நீண்டது, மறுபடி நின்றது. மிளகு தனியாகவும் காம்பு தனியாகவும் விழுந்துகொண்டிருப்பதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதே மெசின் வேற எங்கெல்லாம் குடுத்திருக்கீங்க சேர்?"

விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். குடகில் இரண்டு, வயநாட்டில் மூன்று, ஏற்காட்டில் ஒன்று. நான்காவது விரலை மடக்கப் போகும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கையைக் கீழே போட்டேன்.

"அங்க இருந்து யாராச்சும் உங்களுக்குக் கடுதாசி போட்டாங்களா?"

"இல்லீங்க. ஒரு குறையும் வரல."

"எனக்கு வெரல் போகலன்னா இங்க இருந்தும் வந்திருக்காது" என்றார் யோகேஸ்வரி. "போய்ப் பாருங்க சேர்."